சோற்றுருண்டையை யார் கூப்பிடுவார்கள்?



என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண் ஒருத்தி, இப்போது அவளுக்கே எட்டாவது படிக்கிற மகள் இருக்கிறாள், போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு புத்தக அட்டையைப் படம் எடுத்து அனுப்பினாள். "டீச்சர், இவ ராத்திரி பகலா இதையேதான் படிக்கிறா. பொண்ணு கட்டிப்பிடிச்சா பையன் எலியா மாறுறானாம், பூனையா மாறுறானாம். காதல் கதை வேற. புடுங்கி வச்சிரட்டுமா?"

'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' என்ற ஜப்பானிய மங்காவின் முதல் தொகுதி அது. என் பேத்தியின் அலமாரியிலும் இருக்கிறது. இரண்டு முறை படித்திருக்கிறேன். இதே கேள்வி வேறு பெற்றோருக்கும் இருக்கும் என்பதால் அவளுக்குச் சொன்னதைக் கொஞ்சம் விரித்து இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

புடுங்க வேண்டாம். முடிந்தால் நீயும் படி.

எழுதி வரைந்தவர் நட்சுகி டகாயா என்ற பெண்மணி. 1998 முதல் 2006 வரை 'ஹனா டு யுமே' என்ற பெண் பிள்ளைகளுக்கான பத்திரிகையில் தொடராக வந்து, மொத்தம் 23 தொகுதிகள் ஆயிற்று. 2001-இல் கோடன்ஷா மங்கா விருதும் கிடைத்தது. அதெல்லாம் இருக்கட்டும். விருது வாங்கியதெல்லாம் பிள்ளைகள் கையில் கொடுக்கத் தகுந்தது என்று நான் நம்புகிறவள் அல்ல.

கதை இதுதான். டோரு உயர்நிலைப் பள்ளி மாணவி. அப்பா சின்ன வயதிலேயே போய்விட்டார். அம்மா விபத்தில் இறந்துவிடுகிறார். தாத்தா வீட்டில் இருந்தவள், அந்த வீட்டைப் புதுப்பிக்கும் வேலை தொடங்கியதும் வெளியே வர வேண்டியதாகிறது. என்ன செய்கிறாள்? ஒரு குன்றின் சரிவில் கூடாரம் அடித்துத் தங்குகிறாள். அங்கிருந்தே பள்ளிக்கூடம் போகிறாள். பள்ளிக் கட்டணத்துக்காக மாலை வேளையில் ஒரு கட்டடத்தில் துப்புரவு வேலை பார்க்கிறாள். பள்ளிப் படிப்பை முடிப்பேன் என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கு அது.

கூடாரம் போட்ட இடம் சோமா என்ற குடும்பத்தின் நிலம். அந்தக் குடும்பத்தில் சிலருக்கு ஒரு சாபம். எதிர்பாலினத்தார் யாராவது அணைத்தால் ஜப்பானிய ஆண்டுச் சக்கரத்தின் விலங்காக மாறிவிடுவார்கள். நம்மூரில் ராசி கேட்பதுபோல அங்கே நீ எந்த விலங்கு ஆண்டு என்று கேட்பார்கள். யுகி எலி. ஷிகுரே நாய். கியோ பூனை. ஆனால் அந்தப் பன்னிரண்டு விலங்குகளில் பூனை கிடையாது. கடவுள் வைத்த விருந்துக்கு நாள் தவறிச் சொல்லி எலி பூனையை ஏமாற்றிவிட்டது என்பது பழங்கதை. இந்தக் கதையைச் சின்ன வயதில் அம்மா சொல்லக் கேட்ட டோரு, இனிமேல் நான் பூனை ஆண்டுக்காரி என்று அழுதவள்.

இப்போது அந்தக் 'கட்டிப்பிடிக்கிற' விஷயத்துக்கு வருகிறேன், பெற்றோரின் பயம் அதுதானே. காதல் கதையில் அணைக்கவே முடியாது என்று வைத்துவிட்டால் ஆசிரியர் என்ன செய்வார்? அன்பைக் காட்ட வேறு வழி தேடியாக வேண்டும். மண் சரிந்து கூடாரம் புதைந்துபோகிறது. உள்ளே அம்மாவின் புகைப்படம். யுகி ராத்திரியோடு ராத்திரியாக எலிகளின் துணையோடு அவள் பொருள்களைத் தோண்டி எடுத்துக் கொண்டுவந்து சேர்க்கிறான். டோரு அந்த வீட்டில் சமைக்கிறாள், குப்பையாகக் கிடந்த இடத்தைக் கூட்டிப் பெருக்குகிறாள். இந்தத் தொகுதியில் காதல் என்று பார்த்தால் இவ்வளவுதான். நம் தொலைக்காட்சித் தொடர்களில் இதைவிட எவ்வளவோ பார்த்துவிட்டுத்தான் பிள்ளைகள் தூங்கப் போகிறார்கள்.

என்னைப் பிடித்து உலுக்கிய இடம் வேறு. புத்தகத்தின் பெயரே அங்கிருந்துதான் வருகிறது. 'ஃப்ரூட்ஸ் பாஸ்கெட்' என்பது ஜப்பானியப் பிள்ளைகள் வகுப்பில் ஆடும் விளையாட்டு. நாற்காலிகளை வட்டமாகப் போட்டு உட்கார்ந்து, ஆளுக்கொரு பழத்தின் பெயர் வைத்துக்கொள்வார்கள். தன் பழத்தைச் சொன்னால் எழுந்து ஓடி இடம் மாற வேண்டும். சின்ன வயதில் டோருவுக்கு ஒருவன் வைத்த பெயர் சோற்றுருண்டை. பழக்கூடையில் சோற்றுருண்டை ஏது? யாரும் கூப்பிடவே மாட்டார்கள். எல்லாரும் ஓடிப் பிடித்து இடம் மாறுகிறார்கள், இந்தக் குழந்தை தன் முறை வரும் என்று காத்திருக்கிறது. சோற்றுருண்டை தனக்குப் பிடிக்கும் என்பதால் கிண்டல் என்றே அதற்குப் புரியவில்லை.

வகுப்பறையில் காலம் கழித்தவர்களுக்குத் தெரியும், எல்லா வகுப்பிலும் ஒரு சோற்றுருண்டை உட்கார்ந்திருக்கும். அடிக்க மாட்டார்கள், திட்ட மாட்டார்கள், ஆட்டத்தில்கூடச் சேர்த்துக்கொள்வார்கள். கூப்பிட மட்டும் மாட்டார்கள். அந்தப் பிள்ளை வீட்டில் போய்ப் புகார் சொல்லாது, சொல்ல எதுவும் நடக்கவில்லையே. பயிற்சிப் பள்ளியில் விளையாட்டு நடத்தச் சொல்லிக்கொடுத்தார்கள். யார் ஓடவில்லை என்று பார்க்க நான் பிள்ளைகளிடமிருந்துதான் கற்றேன்.

தொகுதியின் கடைசியில் டோரு தாத்தா வீட்டுக்குத் திரும்புகிறாள். அங்கே உறவினர்கள் அவளைப் பற்றித் துப்பறிய ஆள் வைத்திருக்கிறார்கள், ஆண்கள் இருக்கும் வீட்டில் தங்கியதைப் பற்றிக் கேவலமாகப் பேசுகிறார்கள். கண்டிப்பவர் தாத்தா ஒருவர்தான். அப்போது யுகியும் கியோவும் அவளைத் தேடி வந்து அழைத்துப் போகிறார்கள். கடைசியில் சோற்றுருண்டையை யாரோ கூப்பிட்டுவிட்டார்கள். எனக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியிருந்தது.

எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு, அவற்றையும் சொல்லிவிட வேண்டும். ககுரா என்ற பெண் கியோமேல் உள்ள காதலால் அவனை அடித்துத் துவைக்கிறாள், அதை நகைச்சுவையாக வரைந்திருக்கிறார்கள். அடிக்கிறவன் பையன், அடிபடுகிறவள் பெண் என்று மாற்றிப் போட்டால் யாராவது சிரிப்பார்களா? ஷிகுரே வளர்ந்த மனிதர், எழுத்தாளர். பள்ளி மாணவிகளைப் பற்றி அவர் அடிக்கும் கேலி எனக்குச் சகிக்கவில்லை. இந்த இரண்டையும் மகளோடு உட்கார்ந்து பேச வேண்டும், பக்கத்தைக் கிழிக்க வேண்டாம்.

பேச வேண்டியது இன்னொன்றும் இருக்கிறது, இதுதான் பெரியது. டோருவுக்கு வகுப்பில் உயிருக்கு உயிரான தோழிகள் இருவர், உவோதானியும் ஹனாஜிமாவும். பாரமாக இருக்கக் கூடாது என்று அவர்களிடம்கூடக் கூடாரத்தைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. காய்ச்சலோடு அந்தச் சரிவில் கிடந்திருப்பாள், பள்ளிக்கூடத்தில் ஒருவருக்கும் தெரிந்திருக்காது. எப்போதும் சிரித்தபடி, நன்றி சொன்னபடி இருக்கும் அவளை 'நல்ல பிள்ளை' என்று வாசகர்கள் கொண்டாடுகிறார்கள். நான் ஆசிரியையாக அவளைப் பார்த்துப் பயந்தேன். எதுவுமே கேட்காத பிள்ளையிடம்தான் முதலில் போய், சாப்பிட்டாயா, ராத்திரி எங்கே தூங்கினாய் என்று கேட்க வேண்டும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: ஆங்கிலப் பதிப்பிலும் பக்கங்கள் வலமிருந்து இடமாகவே ஓடும், நமக்குக் கடைசிப் பக்கமாகத் தெரிவதுதான் முதல் பக்கம். இரண்டு தொகுதிகளைச் சேர்த்துக் கட்டிய 12 புத்தகப் பதிப்பும் உண்டு. ஏற்கெனவே படித்தவர்கள் ககுரா விஷயத்தில் உங்கள் கருத்தைக் கீழே எழுதுங்கள். என் பேத்தி இன்னும் அவள் பக்கம்தான் பேசிக்கொண்டிருக்கிறாள்.