மாந்தையில் கிடைத்த கிராம்பு

நியூயோர்க் நகரத்து மெற்றோபொலிற்றன் நூதனசாலையில், ஆபிரிக்கா, ஓசியானியா, பண்டைய அமெரிக்கா ஆகியவற்றின் கலைப்பொருள்களுக்கென அமைந்த மண்டபத் தொகுதி புதுக்கப்பெற்று, 2025 மே 31ஆம் திகதி மீண்டும் திறக்கப்பட்டது. 1,800க்கு மேற்பட்ட பொருள்கள் அங்கே காட்சியளிக்கின்றன. செல்வம் கொழிக்கும் நகரம். உலகத்தையே ஒரு கூரையின் கீழ் வருவித்து வைத்திருக்கின்றது. இச்செய்தியைப் படித்தபோது நம் சிந்தனை வன்னியை நோக்கிச் சென்றது. கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ பயிலும் மாணவன் ஒருவன், பிறநாட்டார் கைவண்ணத்தைக் கண்ணாரக் காண விரும்பினால் எங்கே செல்வான்?

கொழும்புக்குத்தான் செல்ல வேண்டும். தேசாதிபதி சேர் வில்லியம் கிறகரியின் காலத்தில், 1877ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நூதனசாலை அங்கே இருக்கின்றது. அதிலுள்ள கல்வெட்டு ஒன்றை நம் மாணவர் அவசியம் பார்த்தல் வேண்டும். சீனத்துக் கடற்படைத் தலைவர் செங் ஹே கொணர்ந்தது அது, 1409ஆம் ஆண்டுக்குரியது. 1911இல் காலியில் கண்டெடுக்கப்பட்டது. சீனம், தமிழ், பாரசீகம் என மும்மொழிகள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. சீனப் பகுதி புத்தரைப் போற்றுகின்றது. தமிழ்ப் பகுதி தெனாவரை நாயனாராகிய திருமாலைப் போற்றுகின்றது. பாரசீகப் பகுதி அல்லாஹ்வைப் போற்றுகின்றது. தொலைதூரத்திலிருந்து வந்தவன் இந்நாட்டாரோடு பேச விரும்பியபோது, தமிழையும் ஒரு மொழியாகத் தெரிந்தெடுத்தான் என்பதைப் பாடநூல் நூறு முறை சொன்னாலும், அக்கல்லின் முன் நிற்கும் ஒரு கணம் சொல்வதற்கு ஈடாகாது.

ஆயினும், விடியற்காலையில் புறப்பட்டு நெடுந்தூரம் பிரயாணஞ் செய்து, மணிக்கணக்குப் பார்த்து ஓட்டமும் நடையுமாய்ச் சுற்றி வரும் பிள்ளைகளுக்கு அந்த ஒரு கணம் வாய்ப்பது எளிதோ?

இனி, நம் காலடியைப் பார்ப்போம். வன்னிப் பெருநிலப்பரப்பின் மேற்குக் கரையில், திருக்கேதீச்சரத்தின் அருகே, மாந்தை என்னும் பழந்துறைமுகம் புதைந்து கிடக்கின்றது. 1980ஆம் ஆண்டு முதல் ஜோன் கார்ஸ்வெல் என்பார் தலைமையில் அங்கே அகழ்வு நடைபெற்றது. சீனத்து மட்பாண்டங்களும் மேற்காசிய நாட்டு மெருகுப் பாண்டங்களும் வெளிப்பட்டன. 1984இல் போர்ச் சூழலால் அப்பணி தடைப்பட்டது. மீண்டும் தொடங்கக் கால் நூற்றாண்டு சென்றது. 2009, 2010ஆம் ஆண்டுகளில் எடுத்த மண்ணைச் சலித்துப் பார்த்த ஆய்வாளர், கருகிய தானியங்களோடு மிளகையும் ஒரு கிராம்பையும் கண்டனர். கிராம்பின் காலம் கி.பி. 900க்கும் 1100க்கும் இடைப்பட்டதென 2018இல் வெளியிட்டனர். அக்காலத்தில் கிராம்பு விளைந்த இடம் இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளே. எத்தனை கடல் கடந்து, எத்தனை கை மாறி, அந்தச் சிறு மொட்டு நம் கரையை வந்தடைந்ததோ!

மெற்றோபொலிற்றன் பொருள் கொடுத்தும் பிறர் கொடையாலும் திரட்டிய உலகம், நம் மண்ணுக்கு வாணிகத்தால் தானே வந்து சேர்ந்தது. வவுனியாவில் தொல்பொருள் நூதனசாலை ஒன்று உண்டு. அதனோடு ஒரு புதிய கூடம் எழுந்து, சீனத்துப் பாண்டமும் பாரசீக மெருகும் அந்தக் கிராம்பின் கதையும் நம் பிள்ளைகள் நடந்து சென்று காணும் தூரத்தில் அமைதல் வேண்டும் என்பதே நம் விருப்பம்.

“வீடும் கிணறும் சீர்ப்படாத குடும்பங்கள் இருக்க, நூதனசாலை எதற்கு?” என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. ஆனால் இடம்பெயர்ந்து நடந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். உடுபுடைவையை விட்டு வந்தவர்களும், பிறப்புச் சான்றிதழையும் தாய் தந்தையரின் படத்தையும் மார்போடு அணைத்து வந்தார்கள். அவற்றையும் இழந்தவர்களின் ஏக்கம் இன்றும் ஆறவில்லை. தான் யார் என்பதற்குச் சாட்சி வேண்டுவது மனித இயல்பு. ஒரு குடும்பத்துக்குப் பெட்டகம் எப்படியோ, ஒரு பிரதேசத்துக்கு நூதனசாலை அப்படி.

கூடம் எழும் வரை நாம் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. கிணறு தோண்டும்போதோ வயல் உழும்போதோ பழைய ஓடோ காசோ மணியோ அகப்பட்டால், அதை எறியவும் வேண்டாம், விற்கவும் வேண்டாம். கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு தொல்பொருள் அதிகாரிகளுக்கு அறிவியுங்கள். இடமறியாத பொருள் ஊமையாகிவிடும். மாந்தையின் கிராம்பு இன்று பேசுகின்றதென்றால், அது கிடந்த மண்ணை ஒருவர் பொறுமையோடு சலித்ததனால் அன்றோ?