பாய்மரமும் எமது பயமும்

கோடை பிறந்துவிட்டால் ரொறன்ரோ நகரின் ஏரிக்கரையெங்கும் வெள்ளைப் பாய்கள் விரிகின்றன. ஏரியோர வீதியால் வேலைக்கு விரையும் எம்மவர்கள் பேருந்தின் சாளரத்தினூடாக அவற்றைக் காண்கின்றனர். "அது காசுக்காரரின் பொழுதுபோக்கு" என்ற ஒரு வார்த்தையுடன் அந்தக் காட்சி மறக்கப்பட்டு விடுகின்றது. அந்த வார்த்தையில் எவ்வளவு உண்மை உண்டு என்பதை இவ்வாரம் சற்று ஆராய்வோம்.

ஓரளவு உண்மை உண்டு என்பதை மறுப்பதற்கில்லை. 1852ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அரச கனேடியப் பாய்மரக் கழகம் போன்றவை வசதி படைத்தோருக்கே எட்டக்கூடியவை. ஆனால், ஏரிக்கரையில் உள்ள கழகங்கள் யாவும் அத்தகையவை அல்ல. லெஸ்லி வீதியின் முடிவில், கட்டடக் கழிவுகளையும் மண்ணையும் கொட்டி ஏரிக்குள் ஏறத்தாழ 5 கிலோமீற்றர் நீளத்திற்கு அமைத்த நிலத்திட்டு ஒன்று உண்டு. அத்திட்டுக்கும் நகரத்திற்கும் இடையே அலை அடங்கிய நீர்ப்பரப்பே வெளித்துறைமுகம். அதன் வடகரையில் சிறிய கழகங்கள் பல அடுத்தடுத்து இயங்குகின்றன. அவற்றுள் ஒன்று சென். ஜேம்ஸ் ரவுண் என்னும் பெயரைத் தாங்கியது. அந்தப் பெயரை எமக்கு எவரும் அறிமுகஞ் செய்யத் தேவையில்லை. இந்நாட்டில் வந்திறங்கிய எம்மவர் பலரின் முதல் முகவரி, அந்த அடுக்குமாடித் தொகுதியின் ஏதோ ஒரு மாடியாகவே இருந்தது.

இத்தகைய சிறு கழகங்களிற் சேர்வதற்குச் சொந்தத் தோணி தேவையில்லை. தோணிகள் கழகத்தின் பொதுச் சொத்து. ஆண்டுச் சந்தா செலுத்திய அங்கத்தவர் எவரும், பயிற்சி பெற்றுத் தகுதி காட்டிய பின்னர், அவற்றை எடுத்துச் செல்லலாம். சந்தாவுடன் உடலுழைப்பும் கட்டாயம். இளவேனிலில் தோணிகளின் அடிப்பாகத்தைத் தேய்த்துப் பூச்சுப் பூசுவதும், கிழிந்த பாயைச் சீர்செய்வதும், இலையுதிர் காலத்தில் அனைத்தையும் கரையேற்றி மூடி வைப்பதும் அங்கத்தவர்களின் கடமையாகும். மருத்துவராயினும் தொழிற்சாலைத் தொழிலாளியாயினும் முறை வந்தால் தூரிகை பிடித்தேயாக வேண்டும். ஊரிலே சனசமூக நிலையமும் சிரமதானமும் எவ்வாறு நடந்தனவோ, ஏறத்தாழ அவ்வாறே இதுவும் நடைபெறுகின்றது. கூட்டாகச் சேர்ந்து ஒன்றைக் கட்டிக் காக்கும் பழக்கம் எமக்குப் புதியதன்று.

இக்கழகங்களிற் பெரிதும் பயன்படுவது அல்பகோர் என்னும் 15 அடித் தோணி. 1950களில் பிரித்தானியாவில் தோன்றிய இது இருவர் செலுத்துவது. ஒருவர் சுக்கானையும் பெரிய பாயையும் கவனிக்க, மற்றவர் முன்பாயைக் கவனிப்பார். இதனைப் பழகுவோருக்குத் தொடக்கத்திலேயே புகட்டப்படும் பாடந்தான் எம்மை வியக்க வைக்கின்றது. தோணியை வேண்டுமென்றே கவிழ்க்கச் சொல்கிறார்கள்! சரிந்து கிடக்கும் தோணியின் நடுப்பலகை மீது ஒருவர் ஏறி நின்று, விளிம்பைப் பற்றிக்கொண்டு பின்னே சாய்ந்தால், பாய்மரம் மெல்ல நீரை விட்டெழும், தோணி நிமிரும். எக்காரணங் கொண்டும் தோணியை விட்டு நீந்திச் செல்லக்கூடாது என்பது அப்பாடத்தின் உயிர்நாடி. கவிழாதிருப்பதற்குப் பழக்குமுன்னர், கவிழ்ந்தால் என்ன செய்வது என்பதைப் பழக்குகிறார்கள்.

"தண்ணீர்ப் பக்கம் போகாதே" என்று பிள்ளைகளைத் தடுக்கும் எமது பெற்றோரை நாம் குறை கூற முன்வரவில்லை. அவர்களது பயத்திற்கு ஊரும் பெயரும் திகதியும் உண்டு. 1985 மே 15ஆம் திகதி குமுதினிப் படகில் வெட்டுண்டு மாண்டோரை நெடுந்தீவு மக்கள் மறக்கவில்லை. 1990களின் தொடக்கத்தில் கிளாலிக் கடனீரேரியை இரவிலே படகேறிக் கடந்தவர்களும், அக்கடப்பில் உறவுகளை இழந்தவர்களும் இன்று எம்மிடையே வாழ்கின்றனர். 1986 ஓகஸ்ட் மாதம் நியூபவுண்ட்லாந்துக் கடலில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த 155 தமிழர்களை அப்பகுதி மீனவர்கள் காப்பாற்றிக் கரைசேர்த்தனர். 2004 டிசம்பர் 26இல் கரையேறி வந்த அலையோ முல்லைத்தீவையும் கிழக்குக் கரையையும் விழுங்கியது. இவ்வளவையும் கண்ட ஒரு தாய், மகளை ஏரிக்கு அனுப்பத் தயங்குவதில் வியப்பென்ன?

ஆயினும் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். நாம் தடுத்தாலும் பிள்ளைகள் நீரை அணுகத்தான் போகிறார்கள். பாடசாலைச் சுற்றுலாவிலும் நண்பரின் குடிசை விடுமுறையிலும் ஏதோ ஒரு ஏரி அவர்களைக் காத்திருக்கின்றது. ஒன்ராறியோ ஏரியின் பரப்பு இலங்கைத் தீவின் மூன்றிலொரு பங்கிற்குச் சற்றே குறைவு. அதன் மிகுந்த ஆழமோ 244 மீற்றர். மே மாதத்தில் மேலே வெயில் எறித்தாலும் நீர் உடலை விறைக்கச் செய்யும். குளிர்நீரில் வீழ்ந்தவருக்கு 1-10-1 என்னும் கணக்கை இங்கே கற்பிக்கின்றனர். மூச்சுத் திணறலை அடக்க ஒரு நிமிடம். கைகால்கள் சொற்கேட்டு அசைவதற்குப் பத்து நிமிடம். குளிரால் நினைவிழக்கும் வரை ஏறத்தாழ ஒரு மணிநேரம். மிதவை அங்கி அணிந்தவருக்கே அந்த மணிநேரம் பயன்படும் என்பதை நாம் மனதில் இருத்த வேண்டும். படகிலுள்ள ஒவ்வொருவருக்கும் ஒரு மிதவை அங்கி இருக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டம். அது படகில் கிடந்தாற் போதாது. உடலில் இருக்க வேண்டும்.

நீச்சல் அறியாத பிள்ளைக்கு முதலில் நீச்சற் குளமே பொருத்தமானது. உயிர் தப்புவதற்கு வேண்டிய குறைந்த அளவு என இங்கு வகுத்திருப்பது மூன்று செயல்களே. ஆழமான நீரில் உருண்டு விழுந்து மேலே வருதல், ஒரு நிமிடம் நின்ற இடத்திலேயே மிதத்தல், 50 மீற்றர் நீந்துதல். இம்மூன்றையும் கற்ற பிள்ளை பின்னர் ஏரிக்கு வரட்டும். பயத்தைப் பிள்ளைக்குக் கொடுப்பது எளிது. அறிவைக் கொடுப்பதற்கே நேரம் வேண்டும்.

இன்னொரு தடையும் எம்மிடம் உண்டு. அதைப் பேச நாம் கூசுகிறோம். கடலோடு வாழ்ந்தோரைத் தாழ்வாக எண்ணிய சாதிப் புத்தியை நாம் பயணப் பெட்டியில் வைத்து இங்கேயும் கொண்டு வந்துள்ளோம். "எங்கட பிள்ளைக்குத் தோணி எதற்கு?" என்ற கேள்விக்குள் அந்தப் புத்தி ஒளிந்திருப்பதைக் காணலாம். வாடை, கொண்டல், சோளகம், கச்சான் என்று நாற்றிசைக் காற்றுக்கும் பெயர் சூட்டி, அதன் போக்கறிந்து வாழ்ந்தவர்கள் எமது கடலோடிகள். வல்வெட்டித்துறையிற் கட்டப்பட்ட அன்னபூரணி என்னும் பாய்க்கப்பலை வில்லியம் அல்பேட் றொபின்சன் என்ற அமெரிக்கர் வாங்கினார். அதனை வல்வைத் தண்டையலும் மாலுமிகளும் சமுத்திரங்கள் கடந்து செலுத்தி, 1938ஆம் ஆண்டு மசசூசெற்ஸ் மாநிலத்துக் குளோசெஸ்ரர் துறைமுகத்திற் கொண்டுபோய்ச் சேர்த்தனர். இங்குள்ள கழகமொன்றில் இதனைக் கூறினால் எழுந்து நின்று மதிப்பளிப்பார்கள். எமது வீடுகளில் எத்தனை பிள்ளைகளுக்கு இது தெரியும்?

சனி, ஞாயிறு தினங்களில் தமிழ்ப் பாடசாலை, பரதம், வாய்ப்பாட்டு, கணித வகுப்பு என்று எமது சிறார்களுக்கு ஓய்வே இல்லை என்பதை நாமறிவோம். கழகங்களின் போட்டிகள் பல, வார நாள் மாலைகளில் கோடையின் நீண்ட வெளிச்சத்தில் நடைபெறுகின்றன. ஆண், பெண் என்ற பிரிவின்றி ஒரே தோணியில் இருவரும் பயிலலாம். இரு தோணிகள் எதிரெதிரே வந்தால், வலப்பக்கமிருந்து காற்றைப் பெறும் தோணிக்கே வழியுரிமை. அதைச் செலுத்துபவர் நேற்று வந்தவரா, நாற்பதாண்டு அங்கத்தவரா என்று அந்த விதி கேட்பதில்லை. இந்நாட்டில் எமது பிள்ளைகள் சமமாக நடத்தப்படும் களங்களைத் தேடுகின்ற நாம், இதனையும் ஒரு களமாகக் கொள்ளலாகாதா?

உடனே பணங்கட்டிச் சேருங்கள் என்று நாம் கூறவில்லை. சந்தா கழகத்துக்குக் கழகம் வேறுபடும். நேரிற் சென்று கேட்டறிவதே முறை. பிள்ளைகளை மட்டும் அனுப்பாது, பெற்றோரும் உடன் சென்று ஒரு மாலைப்பொழுது கரையில் நின்று பாருங்கள். மிதவை அங்கி அணிகிறார்களா, மீட்புப் படகு ஆயத்தமாக நிற்கின்றதா, பயிற்றுநர் தகுதி பெற்றவரா என்று கூசாமற் கேளுங்கள். மூத்தவர்கள் இருப்பின் அவர்களையும் அழைத்துச் செல்லுங்கள். காற்றின் திசையை அவர்கள் உங்களுக்கு முன்னரே சொல்லி விடுவார்கள்.