பைன் காட்டில் எதற்குப் பாசறைத் தீ?

சென்ற திங்கள் நம் மன்றச் செயற்குழு கூடிற்று. ஏப்ரல் விடுமுறையில் குமாவோன் மலைக்குச் சென்று, கூடாரம் அடித்துத் தங்கி, நான்கு நாள் நடந்து வருவது என்று முடிவாயிற்று. எல்லாரும் கை தூக்கினார்கள். அடுத்து, சமையல் எதில் என்ற கேள்வி எழுந்தது. அங்கேதான் மன்றம் இரண்டாகப் பிளந்தது. 'காஸ் அடுப்பைச் சுமந்துகொண்டா மலையேறுவது? சுள்ளி பொறுக்கினால் சோறும் ஆயிற்று, இரவில் சுற்றி உட்கார்ந்து பாட நெருப்பும் ஆயிற்று' என்றனர் ஒரு சாரார். நான் காஸ் அடுப்பின் பக்கம் பேசினேன். 'வேதியியல்காரனுக்குக் காற்றடைத்த குப்பிமேல்தான் காதல்' என்று ஒரு நண்பர் சொல்ல, அவை சிரித்தது. நானும் சிரித்தேன். ஆனால் அன்று சொல்லாமல் விட்டது ஒன்று உண்டு. அதை இங்கே எழுதிவிடுகிறேன்.

சென்ற ஆண்டு ஏப்ரலில் நாங்கள் மூவர் அதே மலைப்பக்கம் நடந்தோம். மாலை நான்கு மணி இருக்கும். தேநீர் குடித்தால் தேவலை என்று தோன்றிற்று. மூன்று கல்லைக் கூட்டி, தரையில் கிடந்த பைன் ஊசியிலையை ஒரு கை அள்ளிப் போட்டுத் தீக்குச்சி கிழித்தோம். கிழித்தவன் நான்தான். இலை குப்பென்று பிடித்தது. பத்து நிமிடத்தில் தேநீர் ஆயிற்று. ஒரு குவளைத் தண்ணீர் ஊற்றினோம். புஸ்ஸென்று ஆவி எழுந்தது. அணைந்துவிட்டது என்று நடையைக் கட்டினோம். அரை மைல் போனபின், ஒருவன் மூக்குக்கண்ணாடியை அங்கேயே வைத்துவிட்டதாகச் சொன்னான். திரும்பினோம். அங்கே முதுகில் புற்கட்டோடு ஓர் அம்மாள், பச்சைத் தழைக் கொத்தால் தரையை அடித்துக்கொண்டிருந்தார். எங்கள் கல்லுக்கு அப்பால் ஒரு பாய் அகலத்துக்குத் தரை கறுத்திருந்தது. ஓடிப்போய் நாங்களும் மண்ணை அள்ளிப் போட்டு மிதித்தோம். அவர் திட்டவில்லை. 'நீங்கள் எந்த ஊர்?' என்று மட்டும் இந்தியில் கேட்டார். ஊர்ப் பெயரைச் சொல்ல எனக்கு நா எழவில்லை.

என் ஊர் போடிநாயக்கனூர். ஊருக்கு மேலே நிற்பதுதான் குரங்கணி மலை. 2018 மார்ச் 11 அன்று அம்மலையில் எரிந்த தீயில், மலையேறச் சென்றவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்டார்கள். நான் அப்போது பள்ளி மாணவன். அந்தத் தீயை அவர்கள் மூட்டினார்கள் என்று நான் சொல்ல வரவில்லை. சரிவில் தீ எப்படி ஏறும் என்பதை என் ஊர்ப் பிள்ளைகள் அன்று அறிந்துகொண்டோம் என்றே சொல்கிறேன். கீழிருந்து எழும் சுடர், மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சுட்டு உலர்த்திவிடுகிறது. சரிவு பத்துப் பாகை கூடினால் தீயின் வேகம் ஏறத்தாழ இரு மடங்காகும். ஏற்றத்தில் மனிதனுடைய வேகமோ குறையும். இதைத் தெரிந்துகொண்டே நான் தீக்குச்சி கிழித்தேன்.

நம்மவர் பலரும் பைன் காட்டைப் படத்தில்தான் பார்த்திருப்பீர்கள். குமாவோனின் நடு உயரத்துச் சரிவுகளில் மிகுதியாக நிற்பது சீர் என்னும் பைன் வகை. அதன் பாலிலிருந்துதான் டர்ப்பன்டைன் எடுக்கிறார்கள். அந்தப் பால் ஊறிய ஊசியிலை கோடையில் கொட்டிக் கொட்டித் தரையில் மெத்தையாய்க் கிடக்கும். 'பிருல்' என்பது அதற்கு அவ்வூர்ப் பெயர். மேலே ஊற்றும் தண்ணீர் அம்மெத்தையின் மேற்பரப்பை நனைத்து வழிந்தோடும். அடியில் கனல் புகைந்துகொண்டே கிடக்கும். பிறகு ஒரு காற்று வந்தால் போதும். உத்தரகண்டில் பிப்ரவரி 15 முதல் ஜூன் 15 வரை தீக்காலம் என்று குறித்து வைத்திருப்பதன் காரணம் இதுதான். நம் விடுமுறை அதன் நட்டநடுவில் விழுகிறது.

காஸ் அடுப்பின் சிறப்பு அதன் சுடரில் இல்லை, திருகில் இருக்கிறது. திருகை மூடினால் தீ அக்கணமே இல்லை. சாம்பல் இல்லை, கனல் இல்லை, திரும்பி வந்து பார்க்கவேண்டிய கவலையும் இல்லை. அடுப்பைச் சுமப்பது மலையேறுபவனுக்கு இழுக்கு என்று எண்ணுவோருக்கு ஒன்று சொல்வேன். 1953 மே 29 காலையில் எவரெஸ்டின் உச்சிக்குப் புறப்படுமுன், உறைந்து கல்லாகிப்போன தம் பூட்ஸை ஹில்லாரி ஓர் அடுப்பின்மேல் காட்டித்தான் இளக்கினார். அவரும் டென்சிங்கும் சுமந்த அடுப்பை நாம் சுமக்கக் கூடாதா?

'மலைக்காரர்கள் விறகு எரிக்கவில்லையா?' என்றும் கேட்டார்கள். எரிக்கிறார்கள். அவர்களுடைய அடுப்பு வீட்டுக்குள் இருக்கிறது. விறகு அவர்களுக்குப் பிழைப்பு, நமக்குப் பொழுதுபோக்கு. காடு பற்றினால் அணைக்கப் போகிறவர்களும் அவர்களே. 2024 ஜூன் 13 அன்று அல்மோரா மாவட்டத்துப் பின்சர் சரணாலயத்தில் தீயணைக்கச் சென்ற வனப் பணியாளர் நால்வர் உயிரிழந்தார்கள். நாம் பாடிவிட்டு ரயிலேறிவிடுவோம்.

காஸ் அடுப்பு குற்றமற்றது என்று நான் சாதிக்கமாட்டேன். பாறையிடுக்கில் காலிக் குப்பிகளைச் செருகிவிட்டுப் போன புண்ணியவான்களின் கைவண்ணத்தை நானே கண்டிருக்கிறேன். கொண்டுபோன குப்பியைத் திருப்பிக் கொண்டுவர மனமில்லாதவன் அடுப்பைத் தொடவே வேண்டாம். பியூட்டேன் மட்டும் நிரப்பிய குப்பி பூச்சியப் பாகைக் குளிரில் சண்டித்தனம் செய்யும். புரொப்பேன் கலந்ததாகக் கேட்டு வாங்கவேண்டும். காய்ந்த புல்மேல் வைத்த அடுப்பு சாய்ந்தால் அதுவும் காட்டுத் தீதான். ஆகவே வெறும் பாறையின்மேல், காற்று மறைவில் வைக்கவேண்டும். குளிருகிறதே என்று கூடாரத்துக்குள் பற்றவைத்தால் கார்பன் மோனாக்சைடு ஆளையே முடித்துவிடும். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒன்று: 1927ஆம் ஆண்டின் இந்திய வனச் சட்டத்தில் 26ஆம் பிரிவு, வன அதிகாரி அறிவித்த பருவத்திலன்றிக் காப்புக்காட்டில் தீ மூட்டுவதை மட்டுமன்று, தீயை வைத்திருப்பதையும் எடுத்துச் செல்வதையுமே குற்றம் என்கிறது. ஆகவே, 'எங்களிடம் அடுப்புத்தானே இருக்கிறது' என்று வனக்காவலரிடம் வாதாடக் கூடாது. முன்கூட்டியே கேட்கவேண்டும், கூடாது என்றால் அடுப்பும் கூடாது. அவலை நனைத்து வெல்லம் சேர்த்துத் தின்று இரண்டு நாள் நடந்தால் யாரும் இளைத்துவிடமாட்டோம்.

உண்மையில் நம் சண்டை சோற்றுக்காக அன்று என்பது எனக்குத் தெரியும். ஆண்டு முழுவதும் ஆய்வுக்கூடத்தில் ஆங்கிலமும், உணவுக்கூடத்தில் அரைகுறை இந்தியும் பேசித் திரிகிறோம். ஓர் இரவாவது வட்டமாக உட்கார்ந்து, வாய்விட்டுத் தமிழில் பாடவேண்டும், ஊர்க்கதை பேசவேண்டும். அந்த வட்டத்துக்கு நடுவில் ஏதாவது ஒன்று எரிந்தால்தான் நமக்கு மனம் நிறைகிறது. எனக்கும் அந்த ஆசை உண்டு. நெருப்பின் எதிரில் கூச்சமின்றிப் பாடுகிறவன் டார்ச் வெளிச்சத்தில் பாடமாட்டான் என்று ஒரு தம்பி சொன்னதை என்னால் மறுக்க முடியவில்லை. ஆனால் முழுநிலா நாளாகப் பார்த்துத் தேதி குறிக்க யார் தடை? நம் ஊரில் நிலாச்சோறு உண்டவர்கள்தாமே நாம்! பாசறைத் தீ வேண்டும் என்போருக்கு மழைக்காலம் கழிந்து, அனுமதியுள்ள முகாமொன்றில் தனியே ஏற்பாடு செய்வோம். அன்று விறகு சுமக்கும் முதல் ஆள் நானாக இருப்பேன்.

காஸ் குப்பியை ரயிலில் கொண்டுபோகக் கூடாது. காட்கோதாமில் இறங்கியபின்தான் விசாரித்து வாங்கவேண்டும். அந்த வேலையை நான் ஏற்கிறேன். வன அலுவலகத்துக்குக் கடிதமும் எழுதுகிறேன். அவலும் வெல்லமும் யார் பொறுப்பு என்பதை அடுத்த கூட்டத்தில் சொல்லுங்கள்.