சிலம்பம் பயிலப் புகுவாரும் உடல் நோவும்

சிலம்பக் கூடங்களிற் புதியராய்ச் சேரும் இளைஞருட் பலர் முதல் திங்கள் நிறையுமுன்னரே நின்றுவிடுகின்றனர். சோம்பலே இதற்குக் காரணம் என்பாரும், இக்காலத்து இளைஞர்க்கு உடலுரம் போதாது என்பாரும் உளர். யாம் அவ்வாறு கருதுகின்றிலேம். தொடக்கத்தில் உடலில் எழும் நோவு எத்தகையது, எத்தனை நாள் நிற்கும், எதற்கு அஞ்சவேண்டும், எதற்கு அஞ்சவேண்டா என்பனவற்றை அவர்க்கு முன்னரே எடுத்துரைப்பார் இன்மையே காரணம் என்பது எமது துணிபு. எம்மையுஞ் சேர்த்துப் பதின்மர் ஒருங்கே பயிலத் தொடங்கினேம். இன்று எஞ்சியிருப்பார் நால்வர். நின்றுபோன நண்பர் இருவரைத் தனித்தனியே வினவியபோது, தம் உடல் மட்டுமே இக்கலைக்கு ஒவ்வாதது என்று எண்ணி அகன்றதாக இருவரும் ஒருபடித்தாய் உரைத்தனர். ஒருவர் மற்றவரிடத்து இதனைச் சொல்லியிருப்பின் இருவரும் இன்று களத்தில் இருந்திருப்பர்.

சிலம்பம் என்றவுடன் சுழலுங் கம்பே பலர் நினைவிற்கு வரும். ஆயின் எங்கள் ஆசான் முதற்கண் கம்பைக் கொடுத்தாரல்லர்; காலடியையே கற்பித்தார். முழங்காலை மடித்து இடுப்பைத் தாழ்த்தி நிற்றலும், அந்நிலை குலையாது முன்னும் பின்னும் பக்கத்தும் அடிபெயர்த்தலும், திரும்புதலுமே முதற்பாடம். காண்பார்க்கு இஃது எளிதாய்த் தோன்றும். செய்வார்க்கோ கால்நாழிகைக்குள் தொடை நடுங்கும். அன்றிரவு ஒன்றுந் தோன்றாது. மறுநாட் காலையிலேதான் முதற்பாடத்தின் பயன் விளங்கும். மாடிப்படி ஏறுதல் ஒருவாறு இயலும், இறங்குதலே அரிது. எங்கள் இலக்கண வகுப்பு இரண்டாம் மாடியில் நடைபெறுதலின், கைப்பிடிச் சுவரைப் பற்றிக்கொண்டு நண்டுபோற் பக்கவாட்டில் இறங்கும் சிலம்ப மாணாக்கரைக் கண்டு நகைத்தல் ஏனையோர்க்கு நல்லதொரு பொழுதுபோக்காயிற்று.

உடலியல் நூலார் இதற்குக் கூறும் காரணம் எளிதில் விளங்கத்தக்கது. பழகாத தசை பாரத்தைத் தாங்கிக்கொண்டே நீளுங்கால் அதன் நுண்ணிழைகள் சிறிது சிதைகின்றன. அச்சிதைவை உடல் செப்பனிடும்பொழுது நோவு பிறக்கின்றது. பயிற்சி முடிந்து 24 மணி முதல் 72 மணி வரையில் அது மிகுந்து, பின்னர்த் தானே தணியும். அப்பயிற்சியையே மீண்டுஞ் செய்யுங்கால் முன்போல் நோவதில்லை. இவ்வளவையும் இரண்டு நிமிடத்திற் சொல்லிவிடலாம். சொல்வார் இன்மையின், மூன்றாம் நாள் மாணாக்கன் தான் ஊனமுற்றதாகவே கருதிவிடுகின்றான்.

கம்பு கைக்கு வந்தபின் நோவு மேலேறுகின்றது. நெற்றியளவு உயரமுள்ள கம்பைப் பற்றிச் சுழற்றுதலாற் பெருவிரற் கவட்டிற் கொப்புளம் எழும், முன்கை கல்லாகும், தன் கம்பே தன் கணுக்காலையும் காதையும் பதம் பார்க்கும். வலக்கை பத்து நாளிற் கற்பதை இடக்கை ஒரு திங்களாயினுங் கற்க மறுக்கும். முதற்சில வாரங்களில் உண்டாகும் வலிமை பெரும்பாலுந் தசை பருத்தலால் வருவதன்று. நரம்பு தசையை ஏவக் கற்றுக்கொள்வதனால் வருவது. ஆதலின் நாள்தோறுங் கண்ணாடி முன் நின்று புயத்தை அளந்து பார்ப்பார்க்கு ஏமாற்றமே மிஞ்சும். வளர்ச்சிக்கு வேறு குறிகள் உண்டு. கம்பு தரையில் தட்டும் ஒலி குறைகின்றதா, சுழற்றுங்கால் மூச்சு அடைபடாது செல்கின்றதா, கண் கம்பைத் தேடாது எதிரே நோக்குகின்றதா என்பனவே அவை. இவற்றை ஆசான் கண்டு ஒரு சொற் கூறுவாராயின், மாணாக்கன் அச்சொல்லைக் கொண்டே பல வாரம் உழைப்பான்.

இனி, அஞ்சத்தக்க நோவும் உண்டு. மணிக்கட்டு, முழங்கை, முழங்கால், தோட்பூட்டு ஆகியவற்றில் ஓரிடத்தே ஊசியாற் குத்துவதுபோல் வலித்தலும், வீங்குதலும், விரல் மரத்தலும், ஒரு வாரஞ் சென்றுந் தணியாமையும் வேறு இனத்தன. தசையை எலும்போடு பிணிக்கும் நாண்கள் தசையினும் மெல்லவே உரம்பெறும். தசை வலுத்துவிட்டதென்று எண்ணிப் பயிற்சியை ஒருசேரப் பெருக்குவார் இந்நாண்களிலே ஊறுபடுகின்றனர். வலியைப் பொறுப்பவனே வீரன் என்னும் ஒரே சொல்லால் இருவகை நோவையும் மூடிவிடுதல் எமக்கு உடன்பாடன்று. இது கூறுதலால் ஆசான்மாரைப் பழித்தேம் என்று எவருங் கொள்ளற்க. தென்மாவட்டத்து ஆசான்மாருட் பலர் வருமமும் எலும்புமுறிவு மருத்துவமும் வழிவழி அறிந்தவர். மாணாக்கன் நிற்கும் நிலையைக் கண்டே அவனுக்கு எங்கு நோகின்றதென்று உணரவல்லார். அவர் அறிந்ததனை, அடிபட்ட பின்னர் எண்ணெய் தடவும்போது மட்டுமன்றி, முதல் நாளிலேயே வாய்திறந்து கூறவேண்டும் என்பதே எம் விண்ணப்பம்.

இதற்குப் பெருந்தடையாய் நிற்பது விரைவு. அரசுப்பணியில் விளையாட்டு வீரர்க்குரிய 3 விழுக்காட்டு ஒதுக்கீட்டிற் சிலம்பமும் சேரும் என 2021 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்டது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டுகளில் அது காட்சி விளையாட்டாக இடம்பெற்றது. இரண்டும் மகிழத்தக்கனவே. ஆயின் சான்றிதழ் வேண்டிப் பெற்றோர் விரைகின்றனர். கைப்பேசியில் தீப்பந்தஞ் சுழற்றுவாரைக் கண்ட சிறுவரும் விரைகின்றனர். காலடி திருந்துமுன்னரே மேடையேற்றப்படுவார் பலர். அலங்காரச் சிலம்பத்தை யாம் இகழ்கின்றிலேம். அது கண்ணுக்கு இனியதே. எனினும் கைவேகம் ஒன்றனாலேயே கைதட்டல் பெற்ற சிறுவன், எதிரே ஒருவன் கம்போடு வந்து நின்றவுடன் தன் காலிலேயே தான் தடுக்குண்டு விழுவதைக் காணும்போது நகைப்பு வருவதில்லை.

ஆதலின், வருங் கல்வியாண்டில் நம் கல்லூரிச் சிலம்பக் குழுவிற் புதியவரைச் சேர்க்குங்கால், முதல் மாலையைப் பேச்சிற்கே ஒதுக்குதல் வேண்டும். தொடக்க வாரங்களில் ஒரு பயிற்சிக்கும் மற்றொன்றிற்கும் இடையே ஒரு நாளேனும் ஓய்வு இருத்தல் வேண்டும். ஆறு திங்கள் நிரம்புமுன் எவரையும் போட்டிக்கு அனுப்பலாகாது. முந்திய ஆண்டில் தொடங்கியவர் ஒவ்வொருவரும் தமக்கு எங்கெங்கு நொந்தது, எப்பொழுது தணிந்தது என்று புதியவர்க்குக் கூறுதல் வேண்டும். இவற்றிற்குப் பொருட்செலவு யாதும் இல்லை. விடுதி முற்றமும் மாலையில் ஒரு மணி நேரமுமே வேண்டுவன.