ஊதாமலே கிடைக்கும் மார்க்கு

என்.சி.சி.யை விருப்பப் பாடமாக்கிக் கிரெடிட் கொடுக்கலாம் என்று 2021-இல் யு.ஜி.சி. பல்கலைக்கழகங்களுக்கு எழுதியது. 2022 டிசம்பரில் அது வெளியிட்ட இளநிலைப் பாடத்திட்ட வரையறையோ, செய்முறை என்றால் வாரம் 2 மணி நேரம், பருவத்துக்கு 30 மணி நேரம், அதற்கு ஒரு கிரெடிட் என்று கணக்கை முடித்துவிட்டது. சேலம், நாமக்கல் பக்கம் ஆகஸ்ட் 15-க்கும் ஜனவரி 26-க்கும் தூசு தட்டி எடுக்கிற கல்லூரி பேண்டு பாடமாகிவிட இவ்வளவு போதும். ஆகட்டும், வாசிப்பைப் படிப்பாக மதிப்பது நல்லதுதான். ஆனால் அந்த 30 மணி நேரம் மாணவர் மைதானத்தில் நின்ற நேரம், கற்றுக்கொண்டதன் அளவல்ல.

இருபது பேர் பேண்டில் நாலு பேர் ஒழுங்காக ஊதினால் போதும், மற்றவர்கள் கன்னத்தை உப்பிக்கொண்டு நிற்கலாம். சைடு டிரம்மில் ரோல் தடுமாறினால் பேஸ் டிரம் அதை மூடிவிடும். பந்தலில் உட்கார்ந்திருக்கும் முதல்வர் காதில் விழுவது மொத்தச் சத்தம். பிறகு எதற்கு மார்க்குப் போடுவது? வருகைக்கும் சீருடைக்கும் பணிவுக்கும்தான். இது நம் ஊர் நோய் மட்டுமல்ல. பேண்டு பல தலைமுறைகளாகப் பள்ளிப் பாடமாக இருக்கும் அமெரிக்காவில், தென்மேற்கு மாநிலங்களின் பள்ளி இசை ஆசிரியர்களை ரஸ்ஸலும் ஆஸ்டினும் ஆராய்ந்து 2010-இல் எழுதினார்கள். மாணவர் வாங்கும் கிரேடில் வாசிப்புத் திறனைவிட வருகை, மனப்பாங்கு போன்றவற்றுக்கே எடை அதிகம் என்று தெரிந்தது. இசை கற்பிக்கவே பட்டம் வாங்கிய ஆசிரியர்கள் உள்ள இடத்திலேயே இந்தக் கதி என்றால், உடற்கல்வி இயக்குநர் கையில் பேண்டை ஒப்படைக்கும் நம் கல்லூரிகளில் என்ன நடக்கும்? டிரினிட்டி காலேஜ் லண்டனின் கிரேடு தேர்வைப் பாருங்கள்: 100-இல் 66 வாசிக்கும் உருப்படிகளுக்கு, 14 விரல் பயிற்சி போன்றவற்றுக்கு, 20 துணைத் தேர்வுகளுக்கு. வந்து போனதற்குப் பூஜ்யம்.

வெள்ளைக்காரன் வரைக்கும் போகவே வேண்டாம். நாயனம் கைக்கு வருமுன் ஒத்து ஊத வேண்டும், தாளம் போட வேண்டும். பிறகுதான் குருவின் பக்கத்தில் இரண்டாம் நாயனம். ஒவ்வொரு படியும் ஒரு தேர்வு. தனி ஆவர்த்தனத்தில் இரண்டு தவில்காரர்கள் மாறி மாறி வாசித்து, ஆவர்த்தனம் பாதியாகி, அதுவும் பாதியாகிக் குறைப்பில் இறங்கும்போது யார் கை சுத்தம் என்பது பந்தல் முழுக்கத் தெரிந்துவிடும். கூட்டு வாசிப்புக்குள்ளேயே ஆளைத் தனியே நிறுத்தும் முறை நம்மிடம் இருக்கிறது. அதை விட்டுவிட்டு, ‘பேண்டு கூட்டு முயற்சி, தனித்தனியாகச் சோதித்தால் ஒற்றுமை போய்விடும்’ என்கிறார்கள். சோம்பலுக்கு வைத்த நல்ல பெயர் அது. ‘கலையை அளக்க முடியாது’ என்பவர்கள் மார்க்கே கேட்கக் கூடாது. நேரமில்லை என்பதும் செல்லாது. ஆளுக்கு இரண்டு நிமிடம், பருவத் தொடக்கத்தில் ஒரு முறையும் முடிவில் ஒரு முறையும் கைப்பேசியில் பதிவு செய்தால், இருபது பேருக்கும் சேர்த்து 80 நிமிடம்.

பிளஸ் ஒன் பாடத்தை ஓரங்கட்டி இரண்டு வருடமும் பிளஸ் டூவையே உருப்போட வைத்து ரேங்க் பட்டியலை நிரப்பிய வட்டாரம் இந்தச் சேலம், நாமக்கல் பக்கம். 2017-இல் அரசு அந்தப் பட்டியலையே நிறுத்தியது. 2017-18-இல் பிளஸ் ஒன்னுக்குப் பொதுத்தேர்வு கொண்டுவந்தது. 2025-இல் அதையும் எடுத்துவிட்டது. எண்ணைக் காட்டி ஏமாற்றும் கலையில் தேர்ந்த நிர்வாகங்களிடம், வருகைப் பதிவேட்டை நம்பி ஒரு கிரெடிட்டை நீட்டுவது பாலுக்குப் பூனையைக் காவல் வைப்பதுதான். இந்தக் கல்லூரிகள் இணைந்திருக்கும் பெரியார் பல்கலைக்கழகம் இப்போதே சொல்லிவிடட்டும்: தொடக்கப் பதிவும் முடிவுப் பதிவும் வெளித்தேர்வாளர் கைக்கு வராத கல்லூரிக்குப் பேண்டில் ஒரு கிரெடிட்டும் கிடையாது. சேலத்தில் மாவட்ட அரசு இசைப்பள்ளி இருக்கிறது, தேர்வாளருக்குப் பஞ்சமில்லை. முதல் வருடமே பாதிப் பேண்டுகள் கலைந்துபோகும். போகட்டும்.