பொன்னாடை இல்லாத பாராட்டு

மாலை, பொன்னாடை, வாழ்த்துரை, விருந்து. நம் ஊரில் பாராட்டு விழா என்றால் இந்த நான்கும் இருக்கும். ஓர் ஆசிரியரோ எழுத்தாளரோ மேடையில் அமர்ந்திருக்க, பத்துப் பேர் பேசுவார்கள். பத்துப் பேரும் ஏறக்குறைய ஒன்றையே பேசுவார்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை. நன்றி மறவாத சமூகம் என்பதற்கு அதுவும் ஓர் அடையாளம்தான்.

கணினி அறிவியல் ஆய்வாளர்கள் தங்கள் மூத்தவர்களைப் பாராட்டும் விதம் கொஞ்சம் வேறு. ஒரு பேராசிரியர் அறுபது வயதைத் தொட்டாலோ ஓய்வுபெற்றாலோ அவருடைய மாணவர்களும் சக ஆய்வாளர்களும் ஒரு கருத்தரங்கு நடத்துவார்கள். அதில் வாழ்த்துரை சில நிமிடங்கள்தான். மற்ற நேரமெல்லாம் புதிய ஆய்வுகள். பாராட்டப்படுபவரும் அவையில் உட்கார்ந்து கேட்பார், கேள்வியும் கேட்பார். பின்னர் அந்தக் கட்டுரைகள் ஒரு நூலாக வரும். நம்முடைய மணிவிழா மலர் போன்றதுதான். ஆனால் பக்கத்துக்குப் பக்கம் கணக்கு இருக்கும்.

கொழும்பில் பிறந்த டோனி ஹோர் ஓய்வுபெற்றபோது, 1999 செப்டம்பரில் ஆக்ஸ்ஃபர்டில் மூன்று நாள் இப்படித்தான் கூடினார்கள். 2010இல் மறைந்த ராபின் மில்னருக்காக 2012 ஏப்ரலில் எடின்பரோவில் கூடினார்கள். இருவரும் ‘உடன்நிகழ்வு’ என்ற துறைக்கு அடித்தளம் இட்டவர்கள். நமக்கு அருகிலேயே, சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்தில் பல ஆண்டுகள் பணியாற்றிய பேராசிரியர் பி.எஸ். தியாகராஜனும் அதே துறையைச் சேர்ந்தவர்தான்.

அது என்ன உடன்நிகழ்வு? கணவன், மனைவி இருவருக்கும் ஒரு கூட்டுக் கணக்கு. அதில் 1,000 வெள்ளி இருக்கிறது. கணவர் ஈசூனில் 800 வெள்ளி எடுக்கப் போகிறார். அதே நொடியில் மனைவி ஜூரோங்கில் 700 வெள்ளி எடுக்கப் போகிறார். இரண்டு இயந்திரங்களும் கணக்கைப் பார்க்கின்றன. இரண்டுக்கும் 1,000 வெள்ளி இருப்பதாகவே தெரிகிறது. இரண்டும் பணத்தைக் கொடுத்துவிட்டால், ஆயிரம் இருந்த கணக்கிலிருந்து 1,500 வெள்ளி வெளியேறிவிடும். தனித்தனியே பார்த்தால் எந்த இயந்திரத்திலும் பிழை இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் இயங்கியதில்தான் பிழை பிறந்தது.

சோதித்துப் பார்த்தே இப்படிப்பட்ட பிழைகளைக் களைந்துவிடலாமே என்று தோன்றும். கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு நிரல்கள், ஒவ்வொன்றிலும் பத்தே படிகள். இவை ஒன்றோடொன்று மாறிமாறிக் கலந்து நடக்க 184,756 வழிகள் உண்டு. மூன்றாவதாக இன்னொரு பத்துப் படி நிரலைச் சேர்த்தால் 5.5 டிரில்லியனைத் தாண்டிவிடும். அத்தனை வழிகளில் ஏதோ ஒன்றில்தான் பிழை ஒளிந்திருக்கும்.

2003 ஆகஸ்ட் 14ஆம் தேதி அமெரிக்காவின் வடகிழக்குப் பகுதியும் கனடாவின் ஒண்டாரியோவும் இருளில் மூழ்கின. ஏறக்குறைய 50 மில்லியன் பேர் மின்சாரம் இழந்தனர். மின்கம்பிகள் மரங்களில் உரசியதில் தொடங்கிய கோளாறு அது. ஆனால் அது அவ்வளவு தூரம் பரவியதற்கு ஒரு மென்பொருளும் காரணம். ஒஹாயோவில் இருந்த கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கை மணி ஒலிக்கவே இல்லை. இரண்டு செயல்கள் ஒரே தரவில் ஒரே நேரத்தில் கைவைத்ததால் எச்சரிக்கை நிரல் முடங்கிப்போனது. அதற்கு முன் 30 லட்சம் மணி நேரத்துக்கும் மேலாக அந்தப் பிழை ஒருமுறைகூடத் தலைகாட்டியதில்லை என்று மென்பொருளைத் தயாரித்தவர்கள் சொன்னார்கள்.

சோதனையால் முடியாதென்றால், கணிதத்தால் நிரூபிக்க வேண்டும். அதற்கு முதலில் ‘ஒரே நேரத்தில் நடப்பது’ என்பதை எழுதிக்காட்ட ஒரு மொழி வேண்டும். ஜெர்மானியர் கார்ல் ஆடம் பெட்ரி 1962இல் தம் முனைவர் பட்ட ஆய்வில் அதற்கு வழி காட்டினார். அதிலிருந்து வளர்ந்த, வட்டங்களும் கட்டங்களும் அம்புகளும் கொண்ட படங்களுக்குப் பின்னர் ‘பெட்ரி வலை’ என்று பெயர் வந்தது. ‘நிகழ்வு அமைப்பு’ என்ற இன்னொரு மொழி 1970களின் இறுதியில் உருவானது.

நிகழ்வு அமைப்பைப் புரிந்துகொள்ள, தீபாவளிக்கு முதல்நாள் நம் வீட்டுச் சமையலறையை நினைத்துக்கொண்டால் போதும். மாவு பிசைந்த பிறகுதான் முறுக்கு பிழிய முடியும். இது முன்பின் உறவு. வீட்டில் இருப்பது ஒரே தேங்காய் என்றால் அது சட்னிக்கா பாயசத்துக்கா என்று முடிவெடுத்தாக வேண்டும். இது ஒன்றையொன்று விலக்கும் உறவு. அம்மா முறுக்கு சுட, பாட்டி காய் நறுக்கலாம். யார் முந்தினாலும் பாதகமில்லை. இதுதான் உடன்நிகழ்வு. எத்தனை பெரிய கணினி அமைப்பையும் இந்த மூன்று உறவுகளால் விவரித்துவிடலாம்.

தியாகராஜன் வாழ்நாளில் பெரும்பகுதியைச் செலவிட்டது இந்த வலைகளிலும் அமைப்புகளிலும்தான். சென்னை ஐஐடியில் படித்து, அமெரிக்காவின் ரைஸ் பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டம் பெற்று, ஜெர்மனியிலும் டென்மார்க்கிலும் ஆய்வு செய்தவர் அவர். 1980களில் சென்னைக்குத் திரும்பி, அங்கு இந்தத் துறை வேரூன்றக் காரணமானவர்களில் ஒருவரானார். அவரோடு சேர்ந்து கட்டுரைகள் எழுதிய கமல் லோடயா, மாதவன் முகுந்த், ஆர். ராமானுஜம் ஆகியோர் அவரைச் சிறப்பிக்கும் கட்டுரைத் தொகுப்பை 2009இல் வெளியிட்டார்கள். அதன் தலைப்பில் முதலில் நிற்பது அவர் பெயரல்ல, துறையின் பெயர்.

இதைவிட என்னைக் கவர்ந்தது இன்னொரு மலர். 2002இல் கிரெகோர்ஸ் ரோசன்பெர்க் என்ற அறிஞரின் 60ஆம் பிறந்தநாளையொட்டி ஒரு நூல் வந்தது. அதற்குத் தியாகராஜன் கொடுத்த கட்டுரையின் தலைப்பிலேயே ‘ஓர் ஊகம்’ என்று இருந்தது. முடிவில்லாமல் விரியும் ஒரு நிகழ்வு அமைப்பில், முடிவுள்ள எண்ணிக்கையிலான வடிவங்களே திரும்பத் திரும்ப வருகின்றன என்று வையுங்கள். அப்படியானால் அதை உருவாக்கவல்ல முடிவுள்ள ஒரு பெட்ரி வலை இருந்தே தீரும் என்பது அவர் ஊகம். அவரால் அதை முழுமையாக நிரூபிக்க முடியவில்லை. நிரூபிக்காததையே பரிசாகக் கொண்டுபோய் வைத்தார். பிறந்தநாள் வாழ்த்தாக ஒரு கேள்வி!

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2017இல் பதில் வந்தது. பிரான்சின் மார்செய் நகரைச் சேர்ந்த ஜெரமி ஷலோப்பான், விக்டர் செப்போய் இருவரும் ஊகம் தவறு என்று காட்டினார்கள். அந்த விதிக்கு அடங்காத ஓர் அமைப்பையே கட்டிக் கண்முன் வைத்தார்கள். அதற்கான கருவி கிடைத்தது கணினித் துறையில் அல்ல, வடிவியலில். சதுரங்களையும் கனசதுரங்களையும் ஒட்டி உருவாக்கும் வடிவங்களைப் பற்றிய கணிதம் அது. அவர்கள் அதோடு விடவும் இல்லை. அந்த வடிவங்களில் ஒரு சிறப்பு வகைக்கும் பெட்ரி வலைகளுக்கும் நேரடித் தொடர்பு இருப்பதையும் நிறுவினார்கள். இரண்டு துறைகளுக்கு நடுவே ஒரு கதவு திறந்தது.

ஊகம் பொய்த்ததால் தியாகராஜனுக்கு இழுக்கா? அந்த 2017 கட்டுரையின் தலைப்பிலேயே அவர் பெயர் இருக்கிறது. முன்பின் பழகாத ஒருவர் தம் உழைப்பை நம் கேள்விக்குச் செலவிடுவதைவிடப் பெரிய மரியாதை என்ன இருக்க முடியும்?

நம் ஊரிலும் தமிழாசிரியர்கள் ஓய்வுபெறுகிறார்கள். மூத்த எழுத்தாளர்களுக்கு மணிவிழா எடுக்கிறோம். தோட்டப்புறச் சொற்களைத் தொகுத்துப் பாதியில் நிறுத்தியவர், பழைய நாளிதழ்த் துணுக்குகளைச் சேர்த்து வைத்தவர், பிள்ளைகள் வீட்டில் ஏன் தமிழ் பேசுவதில்லை என்று முப்பது ஆண்டுகளாகக் கேட்டுக்கொண்டிருப்பவர் என்று ஒவ்வொருவரிடமும் முடிக்காத வேலை ஒன்று இருக்கும். விழாவுக்கு ஆறு மாதம் முன்பே அவரிடம் போய், ‘ஐயா, நீங்கள் முடிக்காமல் விட்டது எது?’ என்று கேட்கலாம். முன்னாள் மாணவர்கள் இரண்டு பேர் அதில் ஒரு பகுதியைச் செய்து அந்த மேடையிலேயே படிக்கலாம். அவர் சொன்னதில் தவறிருந்தால் அதையும் பணிவாகச் சொல்லலாம்.

பொன்னாடையும் இருக்கட்டும். பத்து வாழ்த்துரைகளை மூன்றாகக் குறைத்தால், இதற்கும் நேரம் கிடைக்கும்.