முதல் மடக்குக்கு முன்பே

இளவயதுக் குடி மூளையைக் கெடுக்கும் என்பது பழைய எச்சரிக்கை. அமெரிக்காவில் 9 முதல் 11 வயதுவரையிலான ஏறத்தாழ 10,000 சிறாரின் மூளையை ஸ்கேன் செய்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்த ஆய்வு 2024 டிசம்பரில் இன்னொன்றையும் சொன்னது. 15 வயதுக்குள் மது, புகையிலை, கஞ்சா ஆகியவற்றில் ஏதேனும் ஒன்றைத் தொட்டவர்களுக்கு, தொடுவதற்கு முன்பே மூளை அமைப்பில் வேறுபாடு இருந்தது: மொத்த அளவு சற்றுப் பெரிது, முன்நெற்றிப் புறணி சற்று மெல்லியது. தொட்டவர்களில் மிகப் பெரும்பாலோர் தொட்டது மதுவைத்தான்.

இவை நுண்ணிய, சராசரிக் கணக்கிலான வேறுபாடுகள். ஸ்கேனைக் காட்டி ஒரு பிள்ளையை ‘வருங்காலக் குடிகாரன்’ என முத்திரை குத்துவது அறிவியலும் ஆகாது, அறமும் ஆகாது. ஆனால் தன்னடக்கத்துக்குத் துணைநிற்கும் முன்நெற்றிப் பகுதி முதிர ஏறத்தாழ 25 வயதாகிறது. ஆகவே, விருந்துகளில் ‘ஒரு வாய்தானே’ என்று பிள்ளைக்கு ஊற்றிக்கொடுப்பதைப் பெரியவர்கள் இன்றே நிறுத்த வேண்டும்.